தலையசைவில் ஆடும் விளையாட்டும் தோட்டத்து இளைஞரும்

கணினி விளையாட்டைப் பற்றி நான் எழுதுவேன் என்று என்னை அறிந்தவர்கள் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கலைப்பட்டம் பெற்று, பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளப் பேச்சுவார்த்தைகளையும் மண்சரிவுகளையும் தேர்தல்களையும் எழுதிவந்த ஒருவனுக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் நான் அண்மைக்காலத்தில் கண்ட பயனுள்ள கணினி வித்தை எது என்று யாராவது கேட்டால், அலுவலக மென்பொருள் எதனையும் நான் சொல்ல மாட்டேன். சாதாரண வெப் கமரா ஒன்று, விளையாடுபவரின் தலையசைவைப் பின்தொடர்ந்து, அந்த அசைவைக் கணினிக்குச் சொல்லும் ஏற்பாட்டையே சொல்வேன்.

முதலில் இது என்னவென்று பார்ப்போம். பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குப் போகும் வீதியில் பயணம் செய்தவர்களுக்கு விளக்கம் எளிது. கொண்டையூசி வளைவில் பேருந்தைத் திருப்பும் சாரதி, திருப்புவதற்கு முன்னரே தலையைத் திருப்பிவிடுகிறார். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்கிறார். எங்கள் பிள்ளைகள் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு வண்ணத்தைப் பூசிக்கொண்டு கணினியிலும் கைத்தொலைபேசியிலும் பேருந்து ஓட்டி விளையாடுகிறார்களே, அந்த விளையாட்டில் இல்லாத ஒன்று இந்த எட்டிப் பார்த்தல்தான். திரை அசையாது முன்னால் நிற்கும். பக்கத்தைப் பார்ப்பதற்கு ஒரு விசையை அழுத்த வேண்டும். தலைப் பின்தொடர்தல் அந்தக் குறையைப் போக்குகிறது. நீங்கள் தலையைச் சற்றே வலப்புறம் திருப்பினால் திரையிலுள்ள காட்சியும் வலப்புறம் திரும்புகிறது. முன்னே குனிந்தால் கருவிப் பலகை அருகில் வருகிறது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவின் நச்சுரல்பொயின்ட் நிறுவனம் 2001ஆம் ஆண்டளவிலேயே ட்ரக் ஐ.ஆர். என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2007 டிசம்பரில் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொனி சுங் லீ, நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் கைப்பிடியைத் தொலைக்காட்சியின் அருகே வைத்து, தலை நகரும்போது திரைக்குள் ஆழம் தெரிவதைக் காட்டிய காணொளி உலகம் முழுவதும் பரவியது. ட்ரக் ஐ.ஆர். கருவியின் விலை ஏறக்குறைய 150 அமெரிக்க டொலர். நாட்கூலிக்கு மலையேறும் ஒரு குடும்பத்துக்கு இது எத்தனை நாள் உழைப்பு என்பதை நான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்பது வர்த்தமானியில் ஏறுவதற்கே 2021ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்தது.

ஆனால் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்ற நிலைமை இன்று இல்லை. ஓப்பன்ட்ராக் என்ற மென்பொருள் இலவசமானது, திறந்த மூலத்தில் அமைந்தது. ஃபேஸ்ட்ரக் நோ ஐ.ஆர். என்ற முந்திய மென்பொருளிலிருந்து கிளைத்தது. கணினியோடு இருக்கும் கமரா ஒன்றே அதற்குப் போதும். மடிக்கணினியின் கமரா பழுதாகியிருந்தால், ட்ரொயிட்காம் போன்ற செயலியினால் கைத்தொலைபேசியையே வெப் கமராவாக மாற்றிக்கொள்ளலாம்.

அமைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓப்பன்ட்ராக்கின் முகப்பில் மூன்று தெரிவுகள் உள்ளன: உள்ளீடு, வடிகட்டி, வெளியீடு. உள்ளீட்டில் நியூரல்நெட் என்பதைத் தெரிவுசெய்தால், முகத்தை அறியப் பழக்கப்பட்ட ஒரு செயற்கை நரம்பு வலையமைப்பு கமராவின் படத்திலிருந்து உங்கள் தலையின் நிலையைக் கணக்கிடும். மூன்று திருப்பங்கள், மூன்று நகர்வுகள் என ஆறு அளவுகள் அதற்குக் கிடைக்கும். வடிகட்டியில் அக்செலா என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மனிதத் தலை ஒருபோதும் முற்றாக அசையாமல் இருப்பதில்லை. அந்தச் சிறு நடுக்கம் திரையில் பூகம்பமாகத் தெரியாமல் தடுப்பதே வடிகட்டியின் வேலை. மென்மையைக் கூட்டினால் நடுக்கம் குறையும், ஆனால் காட்சி சற்றுத் தாமதித்தே தொடரும். இரண்டுக்கும் நடுவே உங்களுக்கு ஏற்ற இடத்தைப் பழகித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெளியீட்டில் ஃப்ரீட்ரக் என்பதைத் தெரிவுசெய்தால் பெரும்பாலான விமான, வாகன விளையாட்டுகள் தாமாகவே அடையாளம் கண்டுகொள்ளும். ஓப்பன்ட்ராக்கை முதலில் இயக்கிவிட்டு விளையாட்டைத் திறப்பது நல்லது.

அதன் பின்னர் இரண்டு காரியங்கள் முக்கியம். முதலாவது, நடுநிலைக்குத் திருப்பும் விசை. நேரே பார்த்துக்கொண்டு அந்த விசையை அழுத்தினால் அதுவே நடு என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, வளைகோடு. தலையைத் தொண்ணூறு பாகை திருப்பினால் திரையைப் பார்க்க முடியாது அல்லவா? ஆகையால் தலை இருபது பாகை திரும்பும்போது காட்சி தொண்ணூறு பாகை திரும்பும்படி கோட்டை வரைந்துகொள்கிறோம். நடுவில் கோட்டைத் தட்டையாக விட்டுவிட்டால் நேரே பார்க்கும்போது காட்சி அசையாது. ஓரத்தில் செங்குத்தாக்கினால் சிறு திருப்பமே போதும். இந்தக் கோட்டைப் பொறுமையோடு திருத்துகிறவருக்குத்தான் இந்த வித்தை வசப்படும். முதல் அரைமணி நேரத்தில் தலைசுற்றுகிறது என்று கைவிட்டவர்கள் பலர்.

பழைய கணினிகளுக்கு நரம்பு வலையமைப்பு பாரமாக இருக்கலாம். அவற்றுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. தொப்பியில் மூன்று அகச்சிவப்பு ஒளிவிளக்குகளைப் பொருத்தி, கமராவின் உள்ளேயுள்ள அகச்சிவப்புத் தடையைக் கழற்றி, சாதாரண வெளிச்சத்தைத் தடுப்பதற்குப் பழைய ஃப்ளொப்பி தட்டின் கறுத்த படலத்தை வில்லையின் முன் வைப்பார்கள். முற்றாக வெளிச்சம் பட்டுக் கழுவிய வர்ண நெகட்டிவ் துண்டும் அதே வேலையைச் செய்யும். பத்திரிகை அலுவலகங்களின் குப்பைக்கூடையில் ஒரு காலத்தில் அள்ள அள்ளக் கிடந்த பொருள் அது.

இனி, வழிகாட்டிகள் போதிய அளவு சொல்லாத ஒன்றுக்கு வருகிறேன். அதுதான் வெளிச்சம். வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரிய சாளரங்களும் வெள்ளைச் சுவர்களும் கொண்ட அறைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. வெள்ளைக்காரன் கட்டிவைத்த லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், அடுப்புப் புகையினால் கறுத்த சுவருக்கு முன்னால் மங்கிய ஒரு மின்குமிழின் கீழ் அமர்ந்திருப்பவருடைய முகத்தை இக்கமரா எப்படிக் காணும்? வெளிச்சம் குறைந்தால் பல வெப் கமராக்கள் ஒவ்வொரு படத்தையும் நீண்ட நேரம் எடுக்கத் தொடங்கும். நொடிக்கு முப்பது படம் என்பது பாதியாகக் குறையும். அசைவு மங்கலாகும், காட்சி தடுமாறும். குறை கணினியில் என்று நினைத்துப் புதிய கணினிக்குக் கடன்படுவார்கள். உண்மையில் தேவைப்படுவது, இஸ்தோப்பை நோக்கி, கதவு வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருவது மட்டுமே. வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கமராவுக்கு நம் முகம் நிழல்.

இதில் வேறொரு விடயமும் அடங்கியிருக்கிறது. 2009 டிசம்பரில் எச்.பி. நிறுவனத்தின் கணினியொன்றின் முகம் பின்தொடரும் கமரா, வெள்ளைநிறப் பெண்ணைத் தொடர்ந்து நகர்ந்து, கறுப்பின ஆணைக் கண்டதும் அசையாது நின்ற காணொளி பெரும் விவாதத்தை எழுப்பியது. முன்பக்க வெளிச்சம் போதாதபோது கமராவுக்குச் சிரமம் ஏற்படலாம் என்று நிறுவனம் விளக்கமளித்தது. 2018இல் ஜோய் புவொலம்வினியும் டிம்னிட் கெப்ரூவும் வெளியிட்ட ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் கருநிறப் பெண்கள் விடயத்தில் 34.7 வீதம் வரை தவறியதையும், வெண்ணிற ஆண்கள் விடயத்தில் தவறு ஒரு வீதத்தைக்கூட எட்டாததையும் காட்டியது. அது வேறு வேலைக்கான மென்பொருள்தான். ஆயினும் பாடம் ஒன்றே. கமராவும் மென்பொருளும் யாருடைய முகங்களைப் பார்த்துப் பழகினவோ அவர்களுக்கே நன்றாக வேலை செய்யும். நம் பிள்ளையின் முகத்தைக் கணினி காணவில்லையென்றால் குறை பிள்ளையின் முகத்தில் இல்லை என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே போதிய அளவு தாழ்வு மனப்பான்மையைச் சுமந்துகொண்டிருக்கும் சமூகத்துக்கு இது சின்ன விடயமன்று.

இதுவரை சொன்னது விளையாட்டு. இதே கமராவுக்கு இன்னொரு முகம் உண்டு.

மலைநாட்டு விபத்துகளைப் பற்றிய செய்திகளில் இறந்தவர்களின் தொகை தலைப்பில் வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையை மண் மூடியபோதும், 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்தபோதும் அப்படித்தான் நடந்தது. காயமடைந்தோர் என்ற ஒரு சொல்லுக்குள் மற்றவர்கள் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பின்னர் போய்ப் பார்ப்பது செய்தியாகாது. விபத்து மட்டுமல்ல, நிழல் மரத்தில் கிளை கழிக்கும்போதும், மழையில் வழுக்கும் தேயிலைச் சரிவிலும் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். ராகமையிலோ திகணையிலோ உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையில் சில மாதங்கள் இருந்துவிட்டு, சக்கர நாற்காலியோடு வீடு திரும்புவார்கள். வீதியிலிருந்து லயத்துக்கு இறங்கும் படிக்கட்டில் அந்த நாற்காலி போகாது.

மரத்திலிருந்து விழுந்து, கைவிரல்கள் முற்றாக இயங்காமற்போன இளைஞர் ஒருவரை நான் அறிவேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பழைய மடிக்கணினியில், கணினி படித்த நண்பர் ஒருவர் ஓப்பன்ட்ராக்கை அமைத்துக் கொடுத்தபோது நான் உடனிருந்தேன். பேருந்தை நண்பர் விசைப்பலகையில் ஓட்ட, இவர் தலையைத் திருப்பித் திருப்பி வழியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, "அஞ்சு வருசத்துக்கப்புறம் எங்கயோ போயிட்டு வந்த மாதிரி இருக்கு சேர்" என்றார். நான் எதிர்பார்க்காத கேள்வி அதற்கடுத்து வந்தது. "இதுலயே அஸ்வெசும போமையும் நானே பாத்து நெரப்பிக்கலாமா சேர்?"

நிரப்பலாம் என்பதே விடை. தலையசைவைக் கணினியின் சுட்டியாக்கும் முயற்சி, விளையாட்டுக்காரர்களைப் போலவே மருத்துவ ஆய்வாளர்களாலும் பல ஆண்டுகளாகச் செய்யப்பட்டுவருகிறது. அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரியில் ஜேம்ஸ் கிப்ஸ், மார்கிரிட் பெட்கே ஆகியோர் உருவாக்கிய கமரா மவுஸ் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2002இல் வெளிவந்தது. ஸ்பெயினில் உருவான இ-வியாகாம் என்ற மென்பொருளும் இலவசமே. சுட்டியை ஓரிடத்தில் சில கணம் நிறுத்திவைத்தால் அதுவே சொடுக்காகிவிடும். கையால் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. 2023 மே மாதத்தில் கூகுள் அறிவித்த கேம்ஃபேஸ் திட்டம், தசைச் சிதைவு நோயுள்ள லான்ஸ் கார் என்ற கணினி விளையாட்டுக்காரரின் அனுபவத்திலிருந்து பிறந்தது. புருவத்தை உயர்த்தினால் ஒரு கட்டளை, வாயைத் திறந்தால் இன்னொன்று. மறு ஆண்டில் ஆண்ட்ராய்ட் கைத்தொலைபேசிகளுக்கும் அது வந்தது. எழுத்துக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். 2017 முதல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழையும் ஏற்கிறது. தலை சுட்டும், குரல் எழுதும்.

அப்படியானால் விளையாட்டு எதற்கு, நேரடியாகச் சுட்டியையே பழகலாமே என்று தோன்றும். நான் கண்டவரையில் விளையாட்டே சரியான முதற்படி. கழுத்தின் நுண்ணிய அசைவைக் கட்டுப்படுத்துவது சைக்கிள் ஓட்டுவதைப் போன்றது, விழுந்து எழுந்துதான் வரும். விண்ணப்பப் படிவத்தில் தவறான இடத்தில் சொடுக்கினால் மனம் நொந்து கைவிட்டுவிடுவார்கள். விளையாட்டில் பேருந்து கானுக்குள் இறங்கினால் சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். தவறுவதற்கு இடம் கொடுப்பதே விளையாட்டின் பெருமை. ஒரேயொரு எச்சரிக்கை: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். முதுகெலும்புக் காயம் உள்ளவர்கள் வைத்தியரையோ இயன் மருத்துவரையோ கேட்காமல் தொடங்கக் கூடாது.

இனி, எனக்கு முன்கூட்டியே கேட்கும் ஆட்சேபம் ஒன்றுக்கு வருகிறேன். தோட்டத்து மக்களுக்குக் காணி இல்லை, ஒழுங்கான வீடு இல்லை, சம்பளம் போதவில்லை. இந்த நேரத்தில் விளையாட்டும் வெப் கமராவும் ஒரு கேடா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் நல்லெண்ணம் உள்ளவர்கள். கொரோனாக் காலத்தில், 2020, 2021ஆம் ஆண்டுகளில், இணையவழி வகுப்புக்குச் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நானும் மறக்கவில்லை. 2022இல் மின்சாரம் பதின்மூன்று மணித்தியாலம் வரை நின்ற நாட்களையும் மறக்கவில்லை. நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துக் கணினி எழுத்தறிவைக் கணக்கெடுக்கும் அரசாங்கப் புள்ளிவிபரங்களில் தோட்டமே கடைசியில் நிற்கிறது என்பதையும் அறிவேன்.

ஆயினும் இந்த ஆட்சேபத்தின் அடியில் ஒரு பழைய எண்ணம் கிடக்கிறது. தோட்டத்து மனிதனுக்கு உணவும் கூரையும் வேலையும் போதும், மகிழ்ச்சி மற்றவர்களுக்கானது என்பதே அந்த எண்ணம். அதைத் தோற்றுவித்தவர்கள் துரைமார்கள். அதை நாமும் அறியாமலே சுமந்து திரிகிறோம். சட்டம்கூட அப்படிச் சொல்லவில்லை. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் 1996இலேயே நிறைவேறியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் வாய்ப்பைப் பற்றியது. 30ஆம் உறுப்புரை பண்பாட்டு வாழ்வு, பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் பங்குகொள்ளும் உரிமையைப் பற்றியது. ஆக, கையசையாத இளைஞர் கணினியில் பேருந்து ஓட்டுவது அரசாங்கம் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்ட உரிமை. காணியுரிமைக்கும் இதற்கும் போட்டியில்லை. ஒன்றைக் கேட்பவர் மற்றதைக் கைவிட வேண்டியதுமில்லை.

செலவும் பெரிதன்று. இ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் நாடெங்கும் நெனசல நிலையங்கள் திறக்கப்பட்டன. 2014இல் பில் அன்ட் மெலின்டா கேட்ஸ் மன்றத்தின் விருதும் அத்திட்டத்துக்குக் கிடைத்தது. அவற்றிலும், பிரதேச சபை நூலகங்களிலும், தோட்டத்துச் சமூக மண்டபங்களிலும் கணினி இருக்கும் இடமெல்லாம் ஒரு வெப் கமராவையும் முகத்துக்கு நேரே ஒரு விளக்கையும் வைத்து, மேற்சொன்ன இலவச மென்பொருள்களை நிறுவிவைப்பது மலைபோன்ற காரியமா? புனர்வாழ்வு வைத்தியசாலையில் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வாரம் தலைச்சுட்டியைத் தமிழிலும் சிங்களத்திலும் பழக்கி அனுப்பலாம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் மாணவர்கள் பசறைக்கும் ஹாலிஎலவுக்கும் மடுல்சீமைக்கும் ஒரு மடிக்கணினியோடு போய்வரலாம். எங்கே வெளிச்சம் போதவில்லை, எந்த முகத்தை மென்பொருள் தவறவிடுகிறது என்று அவர்கள் எழுதிவைத்தால் அதுவே நல்ல ஆய்வாகும்.

இறுதியாக, உலகெங்கும் பரந்திருக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினியில் தமிழ் எழுத வழியில்லாத காலத்தில், தன்னார்வலர்கள் இ-கலப்பையை உருவாக்கி இலவசமாகத் தந்தார்கள். இன்று தமிழில் தட்டச்சு செய்யும் பலர் அந்தக் கலப்பை உழுத நிலத்தில் விதைத்தவர்களே. அதே போன்ற உழைப்பு இங்கேயும் தேவைப்படுகிறது. உள்ளீடு, வடிகட்டி, வெளியீடு, வளைகோடு ஆகியவற்றைப் பத்தாம் வகுப்பு படித்த ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குப் புரியும் தமிழில், படங்களோடு, நான்கு பக்கத்தில் எழுதித் தாருங்கள். அச்சிட்டால் நூலகச் சுவரில் ஒட்டலாம். ஊருக்கு வருகிறவர்கள் உங்கள் மேசையில் தூசி படிந்திருக்கும் வெப் கமராவை எடுத்து வாருங்கள். இந்த வித்தையில் அனுபவமுள்ளவர்கள், குறிப்பாகக் குறைந்த வெளிச்சத்தில் அமைத்துப் பார்த்தவர்கள், தங்கள் அனுபவத்தை எனக்கு எழுதினால் அதை அந்தத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.